‘சமையல் டிகிரி’

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, “நீ இன்ஜினியர் ஆச்சே, விஞ்ஞானத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுப்பா” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நான் எழுதப் போகும் விஞ்ஞானம் நம் கல்லூரியின் மேற்குக் கோடியில், ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும் மனையியல் துறையினுடையது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தச் சிரிப்பில் எனக்கும் பழைய பங்கு உண்டு.

2006-ல் நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போனேன். இங்கே இருந்த மூன்று வருஷமும் அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘சமையல் டிகிரி’. “என்ன மேடம், இன்னிக்கு ரசமா, சாம்பாரா?” என்று கேட்டுவிட்டு ஓடுவோம். அங்கே படித்த அக்காமார்கள் முறைப்பார்கள். சமையல் அந்தப் படிப்பில் ஒரு சிறு பகுதிதான், மற்றதெல்லாம் குழந்தை வளர்ச்சி, குடும்ப இயல், ஊட்டச்சத்து, வீட்டு நிர்வாகம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் முழுக்கக் கவனித்து நோட்டில் எழுத வேண்டும் என்பதைக்கூடப் போன வருஷம்தான் கேள்விப்பட்டேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். தேடிப் போனவனுக்குக் கிடைத்த கதை, நான் படித்த இயற்பியல் வரலாற்றைவிடச் சுவாரசியமாக இருந்தது.

ஆரம்பமே ஆச்சரியம். மனையியல் என்ற படிப்பைத் தொடங்கி வைத்தவர் ஒரு கெமிஸ்ட். எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது நாம் எம்.ஐ.டி. என்று வாய் பிளந்து பேசுகிற இடத்தில், சேர்க்கப்பட்ட முதல் பெண் மாணவி அவர்தான். 1873-ல் பட்டம் வாங்கினார். அந்த மாநிலத்துக் குடிநீரை ஊர் ஊராகச் சோதித்துப் பார்த்த ஆய்வில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரையும் உணவையும் சோதிக்கப் போனவர், நோய் நுழைகிற இடம் வீடுதான் என்று கண்டார். அப்படியானால் வீட்டை நடத்துவதையும் ஒரு விஞ்ஞானமாகப் படிக்க வேண்டும் அல்லவா? 1899-ல் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஒரு சிறு கூட்டம் கூட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஹோம் எகனாமிக்ஸ்’. பெண்களை விஞ்ஞானத்துக்குள் கொண்டுவரத் திறந்த வாசல் அது. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்தவர்களை மற்றத் துறையார் அடுப்படியோடு நிறுத்தப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. நாங்கள் வைத்த பட்டப்பெயருக்கு அந்த ஊரிலேயே முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்!

குழந்தை எப்போது இந்தப் படிப்புக்குள் வந்தது? அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கோரா புஸ்ஸி ஹில்லிஸ் என்ற அம்மையார் இருந்தார். தன் பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்தவர். அது பன்றியும் மக்காச்சோளமும் விளையும் நாடு. பன்றியை எப்படி வளர்ப்பது என்று ஆராய அரசாங்கம் பணம் தருகிறது, குழந்தையை எப்படி வளர்ப்பது என்று ஆராயத் தரக்கூடாதா என்பது அவர் வாதம். பல வருஷம் அலைந்து 1917-ல் அதைச் சாதித்தார். ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நோயில்லாத, சாதாரணக் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்கென்றே அந்த நாட்டில் எழுந்த முதல் நிலையம் அது. டாக்டர்கள் நோயாளிக் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். சும்மா விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தையை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கிவாரிப் போடும். 1919 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, மனையியல் மாணவிகள் தங்கிப் பழகும் வீடுகளுக்கு அநாதை இல்லங்களிலிருந்து நிஜமான கைக்குழந்தைகளை வாங்கி வந்து வளர்த்தார்கள். மாணவிகள் முறை வைத்துக்கொண்டு பால் கொடுத்து, குளிப்பாட்டி, எடை குறித்து வைப்பார்கள். கொஞ்ச நாளில் குழந்தை தத்துப் போய்விடும், அடுத்த குழந்தை வரும். முதல் குழந்தைக்கு வைத்த பெயர் டிக்கி டோம்கான். டோம்கான் என்பது துறைப் பெயரின் சுருக்கம்! குழந்தைகள் நன்றாகக் கொழுகொழு என்றுதான் வளர்ந்தன என்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு வாரம் மாறுகிற தாயை அந்தக் குழந்தை எப்படி அடையாளம் வைத்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு இதே துறைக்காரர்கள்தான் கேள்வி கேட்டார்கள். 1969-ல் அந்த வழக்கம் நின்றது. எடையை அளக்கலாம், எல்லாவற்றையும் அளக்க முடியாது என்று அந்தத் துறை தன் தப்பிலிருந்தே கற்றுக்கொண்டது.

இந்தியாவுக்கு வருவோம். 1932-ல் அகில இந்திய மாதர் மாநாட்டின் முயற்சியால் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியது. 1940-களின் தொடக்கத்தில் சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மனையியல் பட்ட வகுப்புகள் வந்தன. 1949-ல் பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் எழுந்தபோது அதன் துணைவேந்தராக வந்தவர் ஹன்சா மேத்தா. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்த சொல்லை ‘எல்லா மனிதரும்’ என்று மாற்ற வைத்த அம்மையார் அவர். அங்கே மனையியலுக்குத் தனிப் புலமே அமைந்தது. அதன் குழந்தை வளர்ச்சித் துறைதான் இன்று ‘மனித மேம்பாடு மற்றும் குடும்ப இயல்’ துறை. ‘சேதன் பால்வாடி’ என்று அவர்களே ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறார்கள். அவர்களுக்கு அதுதான் பரிசோதனைக் கூடம். இயற்பியல்காரனுக்கு ஊசல் எப்படியோ, அவர்களுக்கு மணல்தொட்டியில் உட்கார்ந்திருக்கிற வாண்டு அப்படி.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். நம் கல்லூரி மாடியில் நின்றால் தெற்கே தெரிகிற மலைத்தொடரின் மேல்தான் கொடைக்கானல் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற மரியா மாண்டிசோரி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே இரண்டு வருஷம் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சில மாதத்துக்கென்று வந்தவர் அவர். 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும், இத்தாலிக்காரர் என்பதால் பிரிட்டிஷ் சர்க்காருக்கு ‘பகை நாட்டவர்’ ஆகிவிட்டார். மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்த நாளன்று அவரை விட்டார்கள். ஊருக்குத் திரும்ப முடியாத அந்த வருஷங்களில்தான் கொடைக்கானலில் சின்னதும் பெரியதுமாகப் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர் வகுத்த கல்வி முறை உருப்பெற்றது அங்கேதான். கைக்குழந்தையின் மனம் எப்படிச் சுற்றியிருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-ல் அடையாற்றில் புத்தகமாக வெளிவந்தன. வாண்டுகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிற நர்சரிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் அந்த அம்மாவின் பெயர் தொங்குகிறது. உள்ளே அவர் முறை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மலையிலிருந்து இறங்கி திண்டுக்கல் பக்கம் போனால் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம். அதை உண்டாக்கிய டாக்டர் டி.எஸ். சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அதன் பிறகு படிப்பைத் தொடர்ந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்திஜியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1944-ல் கஸ்தூரிபா காலமானதும் அவர் நினைவாகக் கிராமத்துப் பெண்கள், குழந்தைகளுக்காக ஒரு நிதி திரட்டினார்கள். அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரம் அம்மாவிடம் வந்தது. 1947-ல் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகளுக்கான சௌபாக்ய இல்லம் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. 1956-ல் கிராமிய உயர்கல்விக்கென்று வந்த நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1959-ல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தில், குடும்பத்தை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வைத்தார்கள். அதிலிருந்து 1964-ல் கிராமிய சுகாதாரம், குடும்ப நலனுக்கான நிறுவனம் ஒன்றே உருவாயிற்று. ‘குடும்ப இயல்’ என்று சிலபஸில் போட்டிருப்பதை இங்கே வெயிலில் நடந்து செய்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கோயம்புத்தூர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவரும், தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் காரணமாக இருந்தவருமான தி.சு. அவினாசிலிங்கம் 1957-ல் பெண்களுக்கு மனையியல் கல்லூரி தொடங்கினார். அதை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். ஒகாயோவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர். 1988-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்க் கல்லூரிகளில் மனையியல் நடத்த வந்த மேடங்களில் பலரும் அங்கே படித்தவர்கள்தான்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளவும். எந்த இன்ஜினியரும் முதலில் கேட்கிற கேள்வி, “இந்த மீட்டரை எதை வைத்துக் காலிபரேட் பண்ணினீங்க?” என்பதுதான். குழந்தை சரியாக வளர்கிறதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். நம்மிடம் இருந்த அளவுகோல் எது? எடைக்கு, ஹார்வர்டு அளவு. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்துப் போட்ட கணக்கு. 1972-ல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்த ஊட்டக்குறைவுத் தரங்களும் அதை வைத்துத்தான். பாஸ்டன் குழந்தையின் எடையில் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தால் சரி, அதற்குக் கீழே போகப் போக முதல் தரம், இரண்டாம் தரம் என்று போகும். பாலசமுத்திரத்துக் குழந்தைக்குப் பாஸ்டன் தராசா என்று கேட்கத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளைப் பார்த்தது. தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்த குழந்தைகள் எங்கே இருந்தாலும் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன என்று கண்டு, 2006-ல் புதிய வரைபடம் வெளியிட்டது. பாஸ்டன் தராசை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் “நம்ம ஊர்ப் பிள்ளை இவ்வளவுதான் இருக்கும்” என்ற சமாதானமும் அதோடு போயிற்று.

பேச்சு, நடை, அறிவு வளர்ச்சிக்கு? அதற்கு அமெரிக்காவின் நான்சி பேலி செய்த அளவுகோல் இருந்தது. பரோடாவில் பிரமிளா பாதக்கும் உடன் இருந்தவர்களும் நம் குழந்தைகளை மாதக்கணக்கு வாரியாகப் பார்த்து 1970-ல் இந்திய அளவை உண்டாக்கினார்கள். அது நிபுணர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய நீண்ட சோதனை. அங்கன்வாடி ஆயாவுக்கும் டீச்சருக்கும் ஆகுமா? திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரின் குழு 1991-ல் அதிலிருந்து 17 விஷயங்களை மட்டும் எடுத்து, இரண்டு வயது வரைக்குமான ஒரே பக்க அட்டை ஒன்று வெளியிட்டது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கருவியைச் சிக்கலாக்குவது சுலபம். இப்படிச் சுருக்குவதற்குத்தான் மூளை வேண்டும்.

நம் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தபோது (திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985-ல்) நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980-ல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை ஏறுகிற குழந்தைக்கு ஒன்றும் தரமாட்டார்கள். ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை. ஏற ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பாஷையில் இதுதான் ஃபீட்பேக் கண்ட்ரோல். அந்தத் தராசைப் பிடித்தது கிராமத்துப் பெண்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது கூட்டம் சேர்ந்தது சோற்றுக்கு மட்டுமில்லை. அதற்கு முன்னாலேயே தாய்மார்கள் தராசுக்கு வரிசையில் நிற்கப் பழகியிருந்த ஊர்களும் உண்டு.

இனி என் காரணம்.

என் மகனுக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. நாங்கள் இருந்த நகரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். “ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, நீங்க எத்தனை வயசுல பேசினீங்க?” என்று சிரித்து அனுப்பிவிட்டார். எங்கள் அம்மாவும், “உங்கப்பா மூணு வயசுலதாண்டா வாய் திறந்தாரு” என்றார். நானும் நம்பினேன். நாள் முழுக்க சென்சார்களோடு வேலை செய்கிறவன் நான். வீட்டில் இருந்த ஒரு சிக்னல் எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்திருந்தோம். பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிற அக்கா, நம் கல்லூரியில் மனையியல் படித்தவர், எனக்கு இரண்டு வருஷம் சீனியர், எங்கள் வீட்டுக்கு வந்தார். (பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.) காபி குடித்துக்கொண்டே பத்து நிமிஷம் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூஜை அறையிலிருந்து மணியை எடுத்துவரச் சொல்லி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஆட்டினார். அவன் திரும்பவில்லை. பலமாக ஆட்டினார், திரும்பினான். ஒரு பேப்பரைக் கசக்கினார். திரும்பவில்லை. பையிலிருந்து அந்த ஒரு பக்க அட்டையை எடுத்துப் பென்சிலை வைத்துக் காட்டினார். “தம்பி, இவன் பேசாம இல்ல. இவனுக்குச் சரியாக் கேக்கல. இன்னும் ஒரு மாசம்கூடத் தள்ளிப் போடாதீங்க” என்றார்.

2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையம் இருக்கிறது. அங்கே போனோம். இரண்டு காதிலும் நடுத்தரக் குறைபாடு என்று தெரிந்தது. காது கருவி மாட்டிய அன்று, பிரஷர் குக்கர் விசில் அடித்ததும் பையன் திடுக்கிட்டு அழுதான். நாங்களும் அழுதோம். இப்போது பேச்சுப் பயிற்சி நடக்கிறது. வாய் ஓய்வதில்லை. சில எழுத்துகள் மட்டும் இன்னும் தகராறு செய்கின்றன. ‘சா’ வராது, என்னைக் கூப்பிட்டு ‘தாப்பிட வா’ என்பான்.

நன்றி சொல்லப் போனபோது அக்காவிடம் பழைய கேலிக்கு மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அன்னிக்கே மறந்தாச்சு தம்பி” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “ஆனா தினம் சாம்பாரான்னுதான் கேட்டீங்க, ஒரு நாள்கூடச் சாப்பிட வரல” என்றார். பத்தே நிமிஷத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோதுதான் அந்த ஒரு வருஷ நோட்டைப் பற்றிச் சொன்னார். அவர் கவனித்தது நெசவுக்காரர் வீட்டுப் பெண் குழந்தையை. “தறிச் சத்தத்துல அது எப்படித் தூங்குதுன்னு பார்க்கப் போனேன். ஒரு வருஷம் ஒரு பிள்ளையைப் பார்த்துட்டா அப்புறம் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கண்ணு தானாப் போயிரும்” என்றார்.

அந்த நோட்டுகள் இன்னும் துறையில் இருக்கின்றன என்று கேட்டு, போன மாதம் போய்ப் பார்த்தேன். இரண்டு கோத்ரெஜ் பீரோ நிறைய. பழுப்பு அட்டை, உள்ளே ஊதா மை. எந்தக் கிழமை, எத்தனை மணி, குழந்தை என்ன செய்தது, யாரிடம் போனது, எதற்கு அழுதது. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் இந்தச் சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் என்ன சாப்பிட்டன, எதை வைத்து விளையாடின, தாய் வயலுக்குப் போனால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது அத்தனையும் அதில் இருக்கிறது. ஒரு நோட்டில், பாட்டி அம்மியில் அரைக்கும்போது குழந்தை குழவியோடு சேர்ந்து ஆடுவதை ஒரு மாணவி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மேடம் ஓரத்தில் சிவப்பு மையில், ‘பாட்டி என்ன பாடினார்? அதைக் கேட்டு எழுதவும்’ என்று குறித்திருக்கிறார். அடுத்த வாரம் அந்தப் பெண் கேட்டு எழுதியும் இருக்கிறார்.

துறைக்கு இரண்டு வருஷமாகச் சேர்க்கை குறைவு. வருகிற கல்வியாண்டில் பிரிவை நிறுத்திவிடலாம் என்று பேச்சு இருக்கிறது. கட்டடம் கம்ப்யூட்டர் லேபுக்கு வேண்டும், பீரோக்களைக் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள். காலி செய்தால் அந்த நோட்டுகள் எடைக்குத்தான் போகும். சங்கத்தின் பொதுக்குழு இந்தச் சந்திப்பின் இரண்டாம் நாள் பிற்பகல் கூடுகிறது. துறையைத் தொடர வேண்டும் என்றும், நோட்டுகளை ஸ்கேன் செய்து நூலகத்தில் வைக்கும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்கள் கொடுத்திருக்கிறேன். ஸ்கேனரும் ஆளும் என் பொறுப்பு. உங்கள் அக்கா, தங்கை, அம்மா யாராவது அந்தத் துறையில் படித்திருந்தால் தயவுசெய்து அழைத்து வாருங்கள். அவர்கள் நோட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடி எடுத்துத் தருகிறேன். பீரோச் சாவி இப்போதைக்கு அலுவலகத்தில் இருக்கிறது.